தலை முழுக்கப் பரவிய தோல் புற்று: கதிர் சிகிச்சை பற்றி வாசகர் கேள்வி – பதில்

தலையில் ஆறாத புண் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்குப் பிறகு ஜொகூர் மாநிலத்தின் லாபிஸ், சாஆ, குளுவாங், பாலோ பக்கத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். பயாப்சி (சிறு துண்டு எடுத்துச் செய்யும் சோதனை) முடிவையும் ஸ்கேனையும் பார்க்கும் மருத்துவரின் முடிவுக்கு இது மாற்றல்ல. அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள உதவும்.

அப்பாவுக்கு 73 வயது. தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தைப்பூசத்துக்கு மொட்டை போட்டபோதுதான் தலையில் ஊதாத் திட்டுகள் இருப்பது தெரிந்தது. எங்கோ இடித்துக்கொண்டார் என்று விட்டுவிட்டோம். இப்போது ஆஞ்சியோசார்கோமா என்கிறார்கள். அறுவை சரிவராது, தலை முழுக்கக் கரண்ட் (கதிர்) வைக்கவேண்டுமாம். இரண்டு திட்டுக்கு ஏன் முழுத் தலையும்? – வாசகி, லாபிஸ்

கண்ணுக்குத் தெரியும் திட்டு இந்த நோயின் எல்லை அல்ல என்பதுதான் காரணம். ஆஞ்சியோசார்கோமா ரத்தக் குழாய், நிணநீர்க் குழாய்களின் உட்சுவர் செல்களில் தொடங்குவது. அந்தச் செல்கள் தோலுக்குள்ளேயே பக்கவாட்டில் ஊர்ந்து, பல சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு இடத்தில் தலைகாட்டும். நடுவில் உள்ள தோல் பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். அகலமாக வெட்டி எடுத்து வேறு இடத்துத் தோலை ஒட்டினாலும், ஒட்டிய தோலின் ஓரத்திலேயே மறுபடி முளைப்பது இந்த நோயில் அடிக்கடி நடக்கிறது.

அதனால் புருவத்துக்கு மேலிருந்து பிடரி வரை, ஒரு காதிலிருந்து மறு காது வரை மொத்தத் தலைத்தோலும் இலக்காகிறது. பொதுவான கணக்கு, நாளுக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) வீதம் வாரத்துக்கு 5 நாள். முழுத் தலைக்கும் 50 கிரே அளவு கொடுத்துவிட்டு, திட்டு தெரிந்த இடத்தை மட்டும் 60 முதல் 70 வரை கொண்டுபோவார்கள். ஆக ஆறு ஏழு வாரம். வாரம் ஒருமுறை பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தும் சேரலாம். இந்த நோய் நுரையீரலுக்குப் போகும் பழக்கம் உள்ளது. எனவே கதிர் தொடங்கும் முன் நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். திரும்ப வரும் வாய்ப்பு அதிகமுள்ள நோய் இது. முழுக் குணத்துக்காகவா, கட்டுப்பாட்டுக்காகவா என்பதையும் முதல் நாளே நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

மற்ற வாசகர்களுக்கு ஒன்று. வயதானவர் தலையில் அடிபடாமலே வந்த கன்றல் மூன்று நான்கு வாரத்தில் மறையவில்லை என்றால் களிம்பு போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், பயாப்சி கேளுங்கள்.

தலையில் வரும் தோல் புற்று எல்லாவற்றுக்கும் இப்படித்தானா? தோட்டத்து வெயில்தான் காரணமா? – வாசகர், சாஆ

இல்லை. ஒரே இடத்தில் சிறிதாக இருக்கும் கட்டிக்கு அறுவைதான் முதல் வழி. தலை முழுக்கக் கதிர் என்ற பேச்சே அங்கே எழாது.

பரவிய நிலையில் மூன்று வகை அதிகம் பார்க்கிறோம். ஒன்று மேலே சொன்னது. இரண்டாவது, தோலின் மேலடுக்குச் செல்களில் வரும் ஸ்குவாமஸ் செல் புற்று. வழுக்கைத் தலையில் வெயில் பட்டுப் பட்டுத் தோல் முழுக்கக் கெட்டுப்போய், ஓர் இடத்தில் எடுத்தால் இன்னோர் இடத்தில் கிளம்பும். அறுவைக்குப் பின் 60 கிரே, கட்டி அப்படியே இருந்தால் 66 முதல் 70 வரை போவது வழக்கம். மூன்றாவது தோலில் வரும் லிம்போமா, அதாவது நிணநீர்ச் செல்களின் புற்று. அது கதிருக்குச் சீக்கிரம் பணியும். 24 முதல் 30 கிரே போதும். சில வேளை 4 கிரே வீதம் இரண்டே தடவையில்கூடக் கட்டி கரைந்துவிடும். 'பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு நாளில் முடித்தார்கள், எனக்கு ஏன் ஏழு வாரம்?' என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். நோய் வேறு, கணக்கு வேறு.

வெயில் ஒரு காரணம். ஆனால் நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு நிறமியே ஓரளவு குடை பிடிக்கிறது. நம்மவர்களுக்கு ஸ்குவாமஸ் புற்று பழைய தீக்காயத் தழும்பிலும், வருடக்கணக்கில் ஆறாத புண்ணிலும் கிளம்புவது கூடுதல். சிறுநீரக மாற்று செய்து நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து அதிகம். அந்தக் காலத்து ரப்பர் தோட்டங்களில் களை கொல்ல சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். ஆர்சனிக் பட்டவர்களுக்குப் பல பத்தாண்டு கழித்தும் தோல் புற்று வரலாம். மருந்து அடித்த வேலை பார்த்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். யாரும் தானாகக் கேட்கமாட்டார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு முறை சொல்கிறார்கள், தனியாரில் புது மெஷின் என்கிறார்கள். எது நல்லது? வீட்டை அடகு வைத்தாவது தனியாருக்குப் போகலாமா? – வாசகர், குளுவாங்

மெஷின் பெயரைக் கேட்பதைவிட இரண்டு கேள்வி கேட்பது பயன் தரும்: தோலின் மேற்பரப்பில் முழு அளவு விழுகிறதா? மூளைக்கு எவ்வளவு போகிறது?

தலைத்தோலின் தடிப்பு ஏறக்குறைய 5, 6 மில்லிமீட்டர். அதன்கீழ் மண்டையோடு, அதற்கும் கீழே மூளை. மெல்லிய, வளைந்த ஓடு போன்ற தலைத்தோலுக்கு முழுக் கதிர் அளவும் போகவேண்டும். அடுத்த ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் அது குறைந்துவிடவும் வேண்டும். எந்த முறையானாலும் இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டுகிறது.

எலெக்ட்ரான் கதிர் ஆழம் போகாது. 6 மெகா எலெக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அளவு) கதிர் 1.8 சென்டிமீட்டர் வரை நன்றாக வேலை செய்து 3 சென்டிமீட்டரில் நின்றுவிடும். 9 என்றால் 4.5 வரை போகும். தோலுக்கு ஏற்ற கதிர்தான். ஆனால் அது தட்டையான இடத்துக்கு நேர் எதிரே நின்று அடிக்கும்போதுதான் ஒழுங்காக விழும். தலையோ உருண்டை. முழுத் தலைக்கும் ஐந்தாறு கட்டங்களாகப் பிரித்து அடித்தால், தேங்காய் மேல் சதுரக் காகிதம் ஒட்டிய கதைதான். ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், ஓரிடத்தில் இடைவெளி விழும். ஏறிய இடத்தில் தோல் வெந்துபோகும், விட்ட இடத்தில் புற்று மிஞ்சும். இதற்காகக் கட்டங்களின் எல்லையை வாரம் ஒரு சென்டிமீட்டர் நகர்த்துவார்கள். எல்லாவற்றையும் எலெக்ட்ரானாலேயே செய்வதாகச் சொன்னால், எல்லையை நகர்த்துவீர்களா என்று கேட்கலாம்.

அடுத்தது கலப்பு முறை, 1980களின் இறுதியிலிருந்து இருப்பது. தலையின் இரு பக்கமிருந்தும் எக்ஸ்ரே கதிர், நடுவில் மூளையை மறைத்துவிட்டு, நெற்றி, உச்சி, பிடரி ஆகிய விளிம்பை மட்டும் உரசிக்கொண்டு போகும். காதுக்கு மேலுள்ள இரு பக்கத்துக்கும் எலெக்ட்ரான். மூளைக்கு மிகக் குறைவாகப் போவது இதன் பலம். இரண்டும் சந்திக்கும் கோடுதான் பலவீனம். சில மில்லிமீட்டர் பிசகினாலே தெரியும்.

இப்போது பல மையங்களில் செய்வது வி-மேட் அல்லது டோமோதெரபி. மெஷின் தலையைச் சுற்றிச் சுழன்றுகொண்டே கதிரின் வடிவத்தை நொடிக்கு நொடி மாற்றும். சந்திப்புக் கோடு என்ற பிரச்சினையே இல்லை, தோல் முழுக்க ஒரே சீராக விழும். இதன் குறை என்ன? சிறிய அளவுக் கதிர் மூளை முழுக்கத் தூவப்படுகிறது. திட்டம் போடும் மருத்துவ இயற்பியலாளர் கதிரைத் தலையின் ஓரத்தை உரசிப் போகும்படி கட்டுப்படுத்தினால் இது வெகுவாகக் குறையும். இங்கே மெஷினைவிட அவர் கை முக்கியம்.

நான்காவது வழி பிராக்கிதெரபி. தலையின் அச்சுக்குப் பொருந்திய சிலிக்கோன் தொப்பியில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக மெல்லிய குழாய்கள். அவற்றுக்குள் கதிர் வீசும் இரிடியம்-192 துண்டு ஒவ்வொரு இடமாக நின்று நகரும். அந்தத் துண்டு தோலிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். வளைவு இதற்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் கட்டி தடித்து 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போயிருந்தால் ஆகாது. ஆழத்துக்குச் சேர்க்கப்போய் மேல்தோல் தாங்காது. எல்லா மையத்திலும் கிடைக்கவும் கிடைக்காது.

ஆகவே வீட்டை அடகு வைக்க வேண்டாம். ஜொகூர் பாருவில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையிலும், புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்திலும், கோலாலம்பூர் மருத்துவமனையிலும் அரசாங்கக் கதிர் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் பயாப்சி அறிக்கையையும் ஸ்கேன் படங்கள் உள்ள வட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அறிக்கை இல்லாமல் வாய்வார்த்தையாகக் கேட்டால் வாய்வார்த்தைதான் கிடைக்கும்.

தலையில் ஏதோ மாஸ்க்கும் அதற்குள் ஒரு தொப்பியும் போடுகிறார்கள். அந்தத் தொப்பி எதற்கு? – வாசகி, யோங் பெங்

அந்தத் தொப்பிதான் சிகிச்சையின் பாதி. அதைப் போலஸ் என்பார்கள். 6 மெகாவோல்ட் எக்ஸ்ரே தோலுக்குள் நுழைந்து 1.5 சென்டிமீட்டர் போன பிறகுதான் முழு பலத்தை எட்டும். நேராக நுழைந்தால் மேற்பரப்பில் கால் பங்கு அளவே விழும். உள்ளுறுப்புப் புற்றுக்கு இது வரம், தோல் புற்றுக்குச் சாபம். தசையைப் போன்ற அடர்த்தியுள்ள ஒரு பொருளைத் தோல்மேல் 5 முதல் 10 மில்லிமீட்டர் தடிப்பில் போர்த்தினால் கதிர் அதற்குள்ளேயே வலுவேறி, தோலைத் தொடும்போது நிறைந்திருக்கும். ஜெல் தகடு, மெழுகு, ஈரத்துணி, 3டி அச்சில் வார்த்தது என்று பல வகை.

வரிசை இப்படிப் போகும். முதலில் தலைமுடியை மெஷினால் ஒட்ட வெட்டுவார்கள். சவரக் கத்தி வேண்டாம், கீறல் விழும். திட்டுகளின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து படம் எடுத்து, அதன்மேல் மெல்லிய கம்பி ஒட்டுவார்கள். கம்பி ஸ்கேனில் தெரியும், திட்டு தெரியாது. பிறகு போலஸ், அதன்மேல் தெர்மோபிளாஸ்டிக் மாஸ்க். வெந்நீரில் இளகிய வலைத்தகட்டை முகத்தின் மேல் இழுத்து அமுக்குவார்கள். இளஞ்சூடாக, ஈரமாக இருக்கும், சில நிமிடத்தில் இறுகும். அப்படியே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியில் சி.டி. எடுப்பார்கள். மண்டையோட்டைத் தொட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ.யும் சேரும். திட்டம் தயாராக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். காத்திருக்க வைக்கிறார்களே என்று கோபப்படாதீர்கள். இந்த வேலைக்கு அந்த நாள்கள் தேவை.

தவறு எங்கே வரும்? பெரும்பாலும் காற்றில். போலஸுக்கும் தோலுக்கும் நடுவே 5 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்தால் அந்த இடத்தில் தோல் பெறும் அளவு குறையும். உச்சிச் சரிவு, காதுக்குப் பின், கட்டி புடைத்திருந்த இடம் மூன்றும் மோசமானவை. கட்டி சுருங்கினாலும், உடம்பு இளைத்து மாஸ்க் தளர்ந்தாலும் இடைவெளி புதிதாக உண்டாகும். போலஸை முன்பின் மாற்றி வைப்பதும் நடக்கக்கூடியது, அதனால் முன்பக்கம் எது என்று அதிலேயே எழுதி வைப்பார்கள். முதல் சில நாளில் போலஸுக்கு அடியில் சிறு அளவுமானியோ பிலிமோ வைத்துத் தோலில் விழுந்த அளவைச் சரிபார்ப்பது நல்ல மையத்தின் வழக்கம்.

நோயாளி செய்யவேண்டியது எளிது. மாஸ்க் ஆடுகிறது, அல்லது முந்தின வாரத்தைவிட அழுத்துகிறது என்றால் அன்றே சொல்லவேண்டும். சங்கடப்பட்டு வாய் திறக்காமல் இருக்கும் நம் பெரியவர்களுக்கு இதை வீட்டிலிருந்தே சொல்லி அனுப்புங்கள். மூச்சு முட்டும் என்ற பயம் இருந்தால் அதையும் மாஸ்க் செய்வதற்கு முன்பே சொல்லலாம்.

மூளைக்குக் கதிர் பட்டால் ஞாபகம் போய்விடுமா? கண் போகுமா? – வாசகர், சிகாமட்

தலைத்தோலுக்கு வைக்கும் கதிரில் மூளையின் மேற்புறம் கொஞ்சம் வாங்கும், நடுப்பகுதி அதைவிடக் குறைவாக வாங்கும். சிகிச்சை நாள்களில் அசதியும் தூக்கமும் வரும். முடிந்து மாதங்கள் கழித்து மறதி சற்றுக் கூடலாம், முக்கியமாக 70ஐத் தாண்டியவர்களுக்கு. அதனால்தான் திட்டம் போடும்போது நினைவாற்றலுக்கான ஹிப்போகாம்பஸை வரைந்து, அங்கே போகும் அளவை முடிந்தவரை இறக்குவார்கள். கண்வில்லைக்கு 10 கிரேக்குக் கீழே நிறுத்தப் பார்ப்பார்கள். பார்வை நரம்புக்கு 54 என்பது பொதுவான உச்சவரம்பு. நெற்றிவரை நோய் இறங்கியிருந்தால் கண்வில்லைக் கணக்கு தப்பலாம். அப்போது சில வருடத்தில் கண்புரை வரும், அறுவையில் சரியாகும். கண்ணீர்ச் சுரப்பி அடிபட்டால் கண் வறளும், அதற்குச் சொட்டு மருந்து. கடும் தலைவலியோடு வாந்தி வந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய், மஞ்சள், விபூதி இதெல்லாம் போடலாமா? தலைக்குக் குளிக்கலாமா? – வாசகி, லாபிஸ்

குளிக்கலாம். இளஞ்சூட்டுத் தண்ணீர், மணமில்லாத மென்மையான சோப்பு, தேய்க்காமல் ஒற்றி எடுத்த துண்டு. குளிக்காமல் விட்டால்தான் அழுக்கும் வேர்வையும் சேர்ந்து கிருமி பிடிக்கும்.

இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும், தோல் சிவக்கும். நான்காவது வாரத்தில் உரியும். ஐந்து ஆறில் சில இடம் தோல் கழன்று நீர் கசியும், காதுக்குப் பின்னால் முதலில். போலஸ் போட்டு மேற்பரப்புக்கு முழு அளவு கொடுக்கிறோம், ஆகவே இது எதிர்பார்த்ததே. சிகிச்சை முடிந்த பிறகும் ஒரு வாரம் பத்து நாள் மோசமாகிவிட்டுத்தான் ஆறத் தொடங்கும். இதைச் சொல்லாமல் விடுவதால் 'முடித்த பிறகு கெடுத்துவிட்டார்கள்' என்று சண்டை வருகிறது.

முதல் நாளிலிருந்தே மொமெட்டசோன் களிம்பு மெல்லியதாகத் தடவினால் எரிச்சல் குறைகிறது. மருத்துவர் எழுதித்தர வேண்டும். ஈரம் காக்கும் சாதாரணக் களிம்பும் போடலாம். தேங்காய் எண்ணெயை உரியாத தோலில் இரவில் லேசாகத் தடவுவதில் கெடுதல் இல்லை. ஆனால் கதிருக்குப் போகும் முன் தலை சுத்தமாக இருக்கவேண்டும். தடிப்பாக அப்பிக்கொண்டு போனால் மாஸ்க் வழுக்கும், போலஸ் ஒட்டாது. மஞ்சள், சந்தனம், விபூதி, குங்குமம் ஆகியவை நெற்றி உட்பட கதிர் படும் எல்லைக்குள் வேண்டாம். புண்ணில் பட்டால் காய்ந்து ஒட்டிக்கொண்டு, கழுவும்போது தோலையும் சேர்த்து உரிக்கும். கழுத்திலோ கையிலோ இட்டுக்கொள்ளுங்கள். நீர் கசியும் நிலை வந்தால் ஒட்டாத சிலிக்கோன் கட்டு நல்லது. வெள்ளி கலந்த சல்ஃபாடையசின் களிம்பும் கொடுப்பார்கள். கதிருக்கு முன் அதைத் துடைத்துவிடவேண்டும்.

வெளியே போக அகல விளிம்புத் துணித் தொப்பி. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் இந்த ஆறு வாரமும் அதற்குப் பிறகு தோல் ஆறும் வரையும் வேண்டாம், ஆகவே மோட்டார் சைக்கிளே வேண்டாம். 50, 60 கிரே வாங்கிய இடத்தில் முடி திரும்ப வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறிய பிறகும் அந்தத் தோல் மெல்லியது. கீறினால் ஆற மாதக்கணக்காகும். தோல் போய் எலும்பு வெளியே தெரிந்தால் மண்டையோடு செத்துப்போகும் ஆபத்து உண்டு. எனவே நேர்த்திக்கடன் மொட்டை இனிக் கிடையாது. கோயிலில் ஒரு பிடி முடி கொடுப்பதற்கும்கூட பிடரி வேண்டாம், அங்கேயும் கதிர் பட்டிருக்கிறது.

கதிர் வைத்துவிட்டு வந்தால் பேரப்பிள்ளையைத் தூக்கலாமா? – வாசகி, பாலோ

தாராளமாகத் தூக்கலாம். மெஷின் நின்றதும் உடம்பில் கதிர் மிஞ்சாது. பிராக்கிதெரபியிலும் இரிடியம் துண்டு மெஷினுக்குள் திரும்பிவிடும்.

பாட்டிக்கு 88 வயது. தலையில் கட்டி உடைந்து ரத்தமும் நாற்றமும். ஏழு வாரம் தினமும் கொண்டுபோக முடியாது. ஒன்றுமே செய்ய முடியாதா? – வாசகர், குளுவாங்

செய்யலாம். குணப்படுத்துவது நோக்கமில்லை என்றாகும்போது கணக்கே மாறும். 8 கிரே ஒரே தடவை, அல்லது 20 கிரே ஐந்து நாளில், அல்லது 30 கிரே பத்து நாளில். ரத்தக் கசிவு பெரும்பாலும் சில நாளிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் குறையும். இதற்கு முழுத் தலையும் தேவையில்லை, தொல்லை தரும் கட்டி மட்டும் போதும். மெட்ரோனிடசோல் ஜெல் தடவினால் நாற்றம் குறையும். ஒட்டாத கட்டு போடுங்கள். பழைய கட்டை உப்புநீரில் ஊறவைத்து எடுங்கள், இழுத்துப் பிய்க்காதீர்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாரு 100 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் இரண்டு நாள் விட்டால் பரவாயில்லையா? செலவுக்கு வழி உண்டா? – வாசகர், பாலோ

விடக்கூடாது. ஸ்குவாமஸ் புற்று இடைவெளி கிடைத்தால் வேகமாகப் பெருகும். மொத்தக் காலம் நீள நீளப் பலன் குறையும். பெருநாள் விடுமுறையோ மெஷின் பழுதோ வந்தால் சனிக்கிழமை சேர்ப்பார்கள், அல்லது ஒரே நாளில் 6 மணி நேரமாவது இடைவிட்டு இரண்டு தடவை கொடுப்பார்கள். நீங்களாக விட்ட நாளையும் இப்படி ஈடுகட்ட முடியும், ஆனால் அன்றே தொலைபேசியில் சொன்னால்தான். தீபாவளி குறுக்கே வருகிறதென்றால் தொடங்கும் தேதியை முடிவு செய்யும்போதே பேசிவிடுங்கள். முழுக் கோர்ஸ் என்றால் தினமும் போய்வருவதைவிட அங்கே தங்க இடம் தேடுவது நல்லது; ஐந்தாவது வாரத்தில் எரியும் தலையோடு மூன்று மணி நேரப் பயணம் முடியாது.

செலவுக்கு, அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் தனியாரோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்.டி.ஆர். உதவியை வாங்குபவரோ அவரின் கணவன் மனைவியோ 40 வயது அல்லது அதற்கு மேல் என்றால், அரசாங்கத்தின் பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு 1,000 வெள்ளி வரையும், பயணத்துக்கு 500 வெள்ளி வரையும் ஊக்கத்தொகை உண்டு. மருத்துவமனையின் சமூகப் பணி அலுவலகத்தில் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்; பாதி முடிந்த பிறகு போனால் சிக்கல். இன்னும் 60 ஆகாத, சந்தா கட்டிய தொழிலாளியாக இருந்து வேலை பார்க்க முடியாமல் போனால் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். ஊழியர் சேமநிதியிலும் புற்றுநோய் மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்க வழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பயாப்சி அறிக்கை, மருத்துவரின் கடிதம், அடையாள அட்டை மூன்றும் கேட்பார்கள். ஐந்தாறு நகல் எடுத்து ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், ரசீதுகளும் அதிலேயே இருக்கட்டும்.